வாசல் நாயும் மறந்த சீட்டும்

"நானூற்று மூன்று. அனுமதி இல்லை" என்று கல்லூரி இணையதளத்தின் சர்வர் வாசலில் இருந்த நாய் ஐந்தாவது தடவையாகச் சொன்னது.

படிவத்துக்கு எரிச்சலாக வந்தது. அது சுமந்து நின்றது ஷர்மிதாவின் பாலிடெக்னிக் விண்ணப்பம். ஐந்து மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள்.

"பேரு, மார்க்கு எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும். நம்ம இணையப் பக்கத்துலேர்ந்துதான் வர்றேன்னு எப்படி நம்புறது? பக்கம் கொடுத்த சீட்டு எங்கே?"

சுவரில் ஒட்டியிருந்த பல்லி சிரித்தது. "அதுகிட்ட என்னடா பேச்சு? வாசல் ஓரத்துல இருக்கிற அந்தச் சுவிட்சை அமுக்கு, நாய் தூங்கிடும். ஊரே அதைத்தான் செய்யுது."

படிவம் சுவிட்சில் கை வைத்தபோதுதான் பின்னால் நின்றவனைப் பார்த்தது. அவனும் ஒரு படிவம். அவன் மேலும் ஷர்மிதாவின் பெயர்தான் இருந்தது. அதன் கீழே, ஷர்மிதா எழுதாத ஒரு வரி: 'என் விண்ணப்பத்தை ரத்து செய்யவும்.'

"நாய் எப்போ தூங்கும்?" என்றான் அவன்.

படிவம் கையை எடுத்தது. தான் பிறந்த பக்கத்துக்கே ஒரே ஓட்டமாக ஓடி, எடுக்க மறந்த சீட்டை வாங்கிக்கொண்டு, ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தது. நாய் சீட்டை மோந்து பார்த்துவிட்டு, வாலை ஆட்டி வழிவிட்டது. சீட்டில்லாமல் அடுத்து வந்த அந்தப் போலியிடம், "நானூற்று மூன்று" என்றது.

"சுவிட்சை அமுக்கச் சொன்னேனேடா" என்றது பல்லி.

"சொன்னே" என்றது படிவம் உள்ளேயிருந்து. "நான் அமுக்கலை."