உள்ளங்கை இலை

வயிற்றைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பூங்கோதை போன முதல் கல்யாணம் அது. இலை போட்டதும் அதில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பரிமாறுகிறவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த செண்பகம் அத்தைக்கு முகம் சுண்டிப்போனது.

“நல்ல காரியத்துல இலையைக் கிழிக்கிறியே, என்னடி இது?”

“என் வயிறு இப்ப இவ்வளவுதான் அத்தை.”

போன கல்யாணத்தில், “இவளுக்கு ரெண்டு இலையாப் போடுங்கப்பா” என்று சொல்லிப் பந்தியையே சிரிக்கவைத்தவள் இதே அத்தைதான்.

பூங்கோதை ஒரு சிட்டிகைச் சாம்பார் சாதத்தை எடுத்து, மாவாகும்வரை மென்றாள். மெல்லாமல் விழுங்கினால் நெஞ்சிலேயே நின்றுவிடும். வரிசையில் மற்றவர்கள் பாயசம் குடித்து, மோர் சாதமும் முடித்துவிட்டார்கள். ஆனால் கடைசி ஆள் இலையை மூடும்வரை யாரும் எழக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். எல்லார் கையும் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

“போதும்னா மூடிடேன்டி. உனக்காகத்தான் எல்லாரும் உக்காந்திருக்காங்க.” அத்தையின் குரல் இறங்கியிருந்தது.

“நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல அத்தை.”

இலையின் ஓரத்தில் ஒரே ஒரு அவரைக்காய்த் துண்டு மிச்சமிருந்தது. பூங்கோதை அதை இரண்டாகக் கிள்ளினாள். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, அத்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நிதானமாக மென்றாள்.