மூன்று அடிக்கல்

"இந்த ஆள் இனிமே எந்தப் பிள்ளைக்கும் பாடம் எடுக்கக் கூடாது" என்றார் பேச்சாளர். தலைமையாசிரியர் உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தும் விட்டார்.

ஆளுங்கட்சிக்கு அந்த வட்டாரத்தில் அவர்தான் தொண்டை. ஒரே சாயங்காலத்தில் நாலு மேடை ஏறுவார். இறங்கியதும் பேசியதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த மேடைக்குப் போவார். மைக் இல்லாத அறையிலும் மைக் இருப்பதாக நினைத்துத்தான் பேசுவார். பக்கத்தில் சீருடையோடு அவர் மகள், பத்தாம் வகுப்பு. சாட்சிக்காக அழைத்து வந்திருந்தார்.

எதிரே, நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தார் சமூக அறிவியல் வாத்தியார்.

நடுவில் தலைமையாசிரியர், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் எந்தக் கட்சியையும் சேராதவர். ஒரு தலைவர் படம் சுவரில் இருக்கும், இன்னொரு தலைவர் படம் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். தேர்தல் முடிவு வந்ததும் தேவைப்பட்டால் இரண்டும் இடம் மாறும், அவ்வளவுதான்.

புகார் இதுதான். வாத்தியார் வகுப்பில் அரசியல் பேசினார். அதுவும் ஆளுங்கட்சியைக் கிழி கிழியென்று கிழித்தார். யாரோ ஒரு பிள்ளை அதைப் போனில் பதிவு செய்ய, அது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிச் சுற்றிப் பேச்சாளரிடமே வந்து சேர்ந்திருந்தது.

போனை மேசையில் வைத்து ஓட விட்டார். வாத்தியார் குரல் ஏற்ற இறக்கத்தோடு முழங்கியது.

"ஆத்துக்குக் குறுக்கே பாலம் கட்டறோம்னு மூணு தடவை அடிக்கல் நட்டாங்க. அந்த மூணு கல்லையும் வரிசையா தண்ணியில போட்டிருந்தாலே நாம அக்கரைக்குப் போயிருக்கலாம்."

வகுப்பு மொத்தமும் சிரிப்பது கேட்டது. தலைமையாசிரியருக்கும் சிரிப்பு வந்தது. சமாளித்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

"சொல்லும்மா, இது உன் வகுப்புல பேசினதுதானே?" என்று மகளைக் கேட்டார் பேச்சாளர். அவள் தரையைப் பார்த்தபடியே ஆமாம் என்றாள்.

வாத்தியாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்த வாரம் ஆகவேண்டியது. அதை நம்பித்தான் மனைவியும் கைக்குழந்தையுமாகக் கொஞ்சம் பெரிய வீட்டுக்குக் குடி போயிருந்தார். தலைமையாசிரியருக்கு அது தெரியும். அதனால் அவரே அடி எடுத்துக்கொடுத்தார்.

"இது உங்க சொந்தக் கருத்தா சார்?"

"இல்லைங்க சார்."

பழைய மேடைப் பேச்சுகளைத் தேடி எடுத்து, பேரும் கட்சியும் சொல்லாமல் வாசித்துக் காட்டுவது வாத்தியார் வழக்கம். எல்லாக் கட்சிப் பேச்சும் உண்டு. எது விஷயம், எது வெறும் சத்தம் என்று பிள்ளைகள் பிரித்துச் சொல்ல வேண்டும். மணி அடிப்பதற்குள் பேசியவர் பேரைச் சொல்லிவிடுவார். வாத்தியார் ஓட்டு யாருக்கு என்று பிள்ளைகள் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். இதுவரை யாரும் ஜெயிக்கவில்லை.

தலைமையாசிரியருக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியானால் இதைப் பேசியவர் பேரைச் சொல்லிவிடுங்கள், விஷயம் முடிந்தது என்றார்.

வாத்தியார் அந்தப் பெண்ணை ஒரு தரம் பார்த்தார்.

"பேர் மறந்துபோச்சு சார்."

பேச்சாளர் மேசையைத் தட்டினார். "பார்த்தீங்களா? அன்னைக்கு வகுப்புலயும் இதையேதான் சொல்லியிருக்கார். எல்லாப் பேச்சுக்கும் பேர் சொல்ற மனுஷனுக்கு இதுக்கு மட்டும் மறந்துபோச்சாம். இவரே எழுதி இவரே பேசினதுன்னு பிள்ளைங்க நினைக்காம வேற என்ன நினைக்கும்?"

தலைமையாசிரியருக்கு அது நியாயமாகப் பட்டது. சொல்பவர் ஆளுங்கட்சி என்பதால் இன்னும் கொஞ்சம் நியாயமாகப் பட்டது.

பேச்சாளருக்குச் சூடு ஏறிவிட்டது. இப்படிப் பேசியவன் எவனாக இருந்தாலும் கூலிக்கு மாரடிக்கிறவன், வாய்க்கு வந்ததை விற்றுப் பிழைக்கிறவன், நாலு பிள்ளைகள் முன்னால் நிற்கக்கூட லாயக்கில்லாதவன் என்று பொரிந்து தள்ளினார். அப்போதும் வாத்தியார் பேரைச் சொல்வதாயில்லை. சரியான அழுத்தக்காரர் என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும்.

தலைமையாசிரியரும் பொறுமை இழந்தார். "ஒண்ணு பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேற வேலை பார்த்துக்குங்க."

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"வேற வேலை பார்த்துக்கறேன் சார். பாப்பாவை மட்டும் வகுப்புக்கு அனுப்பிடுங்க. இதெல்லாம் அவ கேட்க வேண்டாம்."

எழுந்த மகளைத் தோளைப் பிடித்து நிறுத்தினார் பேச்சாளர். "ஏன், நல்லாக் கேட்கட்டும். இப்படிப் பேசின அயோக்கியன் யாருன்னு என் பொண்ணு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் மகள். "நீங்கதான். போன தேர்தல்ல, இந்தக் கட்சிக்கு மாறறதுக்கு முன்னாடி பேசினது. அந்த மூணு கல்லு, சாப்பிடும்போது நான் உங்களுக்குச் சொன்ன ஜோக்கு."

பேச்சாளர் வாயைத் திறந்தார். நாலு மேடைக்குத் தாங்கிய தொண்டை ஒரு அறைக்குத் தாங்கவில்லை. தலைமையாசிரியர் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

மகள் வாத்தியார் பக்கமாக நகர்ந்து நின்றாள்.

"சாருக்குப் பேர் மறக்கலைப்பா. அன்னைக்கு வகுப்புல சொல்லத்தான் வாயெடுத்தார். நான் தலை குனிஞ்சதைப் பார்த்துட்டார்."