டிரில் மாஸ்டர்

"எழுந்திரு. அழணும்னா அழுதுக்கிட்டே நட."

என் அக்காவின் பக்கத்துக் கட்டில்காரிக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. தையல் மேல் தலையணையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கூனிக் கூனி நடந்தாள். புருஷன் விடவில்லை. "கதவைத் தொட்டுட்டுத் திரும்பு."

அவனுக்கு டிரில் மாஸ்டர் என்று பேர் வைத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாலும் இந்த ரகம் என்னை விடாது போல.

எதிர்க் கட்டில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, தையல் பிரிஞ்சா நீயா தைப்பே?"

"பிரியாதும்மா. நடந்தாதான் புண்ணு ஆறும்னாங்க."

"சொல்றவங்களுக்கென்ன, வலிக்கவா போகுது?"

வார்டே சிரித்தது. நானும்தான்.

அக்காவுக்கும் அதே நாள், அதே ஆபரேஷன். ஆனால் அத்தான் அவளைத் தரையில் கால் வைக்க விடவில்லை. கட்டிலிலேயே பல் தேய்க்க வைத்தார். பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். அக்கா எழப் பார்த்தால் பதறுவார்.

"படும்மா. நான் எதுக்கு இருக்கேன்?"

"கட்டினா இப்படி ஒருத்தனைக் கட்டணும்" என்றாள் எதிர்க் கட்டில் அம்மா. அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

நாலாம் நாள் பக்கத்துக் கட்டில்காரி பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்கு மத்தியானம் அக்காவின் இடது கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள்.

"கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கு. நுரையீரலுக்கு ஏறிச்சுன்னா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டர். கால்மாட்டில் தொங்கிய தாளைப் புரட்டியவர் முகம் சுளித்தார். "தினம் நாலு தடவை நடந்ததா இருக்கே. நடந்திருந்தா உறையாதே, அப்புறம் எப்படி?"

அக்கா விழித்தாள். "நான் கட்டிலை விட்டு இறங்கவே இல்லையே டாக்டர்."

நர்ஸ் அத்தான் பக்கம் திரும்பினாள்.

"உங்களையும் பக்கத்துக் கட்டில்காரரையும் ஒண்ணா நிக்க வெச்சுத்தானே சார் சொன்னேன்? அழுதாலும் விடாதீங்க, கையைப் பிடிச்சு நடக்க வைங்க, ஒவ்வொரு தடவை நடந்ததுக்கப்புறமும் தாள்ல ஒரு டிக் போடுங்கன்னு?"

அத்தான் டிக் மட்டும் போட்டிருந்தார்.