தனிநபர் கேட்புக்கு மட்டும்

பரணில் கிடந்த பழைய வீடியோ கேம் பெட்டியிலிருந்து அந்தப் பாட்டை மட்டும் உருவி எடுக்கக் கிஷோருக்கு மூன்று நாள் பிடித்தது. கல்யாணமான புதிதில் அவனும் ஷர்மிளாவும் சண்டை போட்டுக்கொண்டு ஆடிய கார் பந்தயத்தின் பாட்டு அது. கடைசி வளைவில் அவள் வாயாலேயே ஹாரன் அடிப்பாள். படுத்த படுக்கையாகிவிட்ட ஷர்மிளா இப்போது ஆசைப்பட்டுக் கேட்டது அதைத்தான்.

பாட்டு தொடங்கியதுமே சுவரிலிருந்த ஸ்பீக்கர் அதை நிறுத்திவிட்டது. "தனிநபர் கேட்புக்கு மட்டுமே அனுமதி. அறையில் இருவர் மூச்சு விடுகிறீர்கள்."

"அவ என் பொண்டாட்டிடா!" என்று கிஷோர் சுவரைக் குத்தினான்.

சேவை மையத்துப் பெண் போனில் குழைந்தாள். "பாட்டோட உரிமம் உங்க ஒருத்தர் பேர்லதான் இருக்கு சார். மேடத்த வேற ரூமுக்கு மாத்திட்டுக் கேளுங்களேன்."

"சாகக் கெடக்கறவளத் தூக்கி வெளிய போடச் சொல்றியா? நீயெல்லாம் மனுஷியா?"

"விடு கிஷோர்," என்றாள் ஷர்மிளா. "நீயே பாடு. ஹாரன் நான் அடிக்கறேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கோபம் அடங்காத குரலில் பாடினான். கடைசி வளைவு வந்ததும் அவளுடைய ஹாரனுக்காக நிறுத்தினான்.

ஹாரன் வரவில்லை. சுவரிலிருந்து பாட்டு வந்தது, விட்ட இடத்திலிருந்து, தானாகவே.

கிஷோர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தூக்கி, அந்த ஸ்பீக்கர் நொறுங்கும்வரை அடித்தான்.