பீப்பாய் செட்டு

"நீ போறதுன்னா போக்கா. எண்ணெய் ஊத்துனவன் மேடையில போய் இளிச்சுக்கினு நிக்க என்னால ஆவாது."

பிரகாஷ் சுத்தியலைத் தூக்கிப் போட்டான். அது காலில் விழாமல் ஒதுங்கிக்கொண்டு, மலர் தன் வேலையைப் பார்த்தாள். இரும்புப் பீப்பாயின் குழிகளில் தேங்காயெண்ணெய் தடவுகிற வேலை. எண்ணூர் கடல்காற்றுக்கு ஒருநாள் விட்டால் போதும், துரு ஏறிவிடும்.

அக்கா மீன் விற்கிறாள், தம்பி படகு வெல்டர். ரெண்டு பேருக்கும் பாட்டு யாரும் சொல்லித் தரவில்லை. ஃபோனில் வீடியோ பார்த்து, ரெண்டு காலிப் பீப்பாயை அறுத்து, அடித்தட்டைக் குழி குழியாகத் தட்டி, குழிக்கு ஒரு சுரம் வரவழைக்க எட்டு மாதம் ஆனது. 'ரி' மட்டும் படுத்தி எடுத்துவிட்டது. ஒரு தட்டு கூடினால் 'க' ஆகிவிடும். குச்சி முனைக்கு சைக்கிள் டியூப் சுற்றலாம் என்பது பிரகாஷ் கண்டுபிடித்தது. 'தகரம் தட்டுற குடும்பம்' என்று சிரித்த குப்பம், இப்போது காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் 'பீப்பாய் செட்டை'த்தான் கூப்பிடுகிறது.

பீப்பாய் வந்த வழிதான் வயிற்றெரிச்சல்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், பெரிய மழையில், பக்கத்து எஞ்சின் ஆயில் கம்பெனியிலிருந்து கறுப்பு எண்ணெய் ஆற்றில் இறங்கியது. வலை போச்சு, மீன் போச்சு. கம்பெனி எட்டுப் பீப்பாயையும் பத்து பிளாஸ்டிக் மக்கையும் அனுப்பி, "அள்ளி வைங்க, வண்டி வந்து எடுத்துக்கும்" என்றது. குப்பமே தண்ணீரில் இறங்கி வெறுங்கையால் அள்ளியது. ஆறு பீப்பாய் நிரம்பியது; மிஞ்சிய காலி ரெண்டுதான் செட்டு ஆனது.

வண்டி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

ஆறும் கரையிலேயே நாறிக்கொண்டு நின்றன. அடி துருப்பிடித்து இற்றுக்கொண்டு வந்தது. இந்த மழை தாங்காது, அத்தனையும் மறுபடி ஆற்றுக்குத்தான். மனுவும் கையுமாக மலர் நடக்காத நடையில்லை. கம்பெனி வாட்ச்மேன் ஒருநாளும் கேட்டைத் திறந்ததில்லை.

அந்தக் கம்பெனிதான் இப்போது ஆண்டு விழாவுக்கு வாசிக்கக் கூப்பிடுகிறது. மலரும் சரி என்றுவிட்டாள். தெருவில் பேசாத பேச்சில்லை.

"வர்லன்னா போ. உன் பீப்பாயை ஆன்சி அடிப்பா" என்றாள் மலர்.

இவர்களுடைய செட்டில் பாடுகிறவள் ஆன்சி. பிரகாஷுக்குச் சுருக்கென்றது.

"அவளா? அவ அடிச்சா நசுங்கிப் பூடும்! எட்டு மாசம் ஒழைச்சது நானு!"

"அப்ப நீயே வா."

வந்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

விழா அன்று பீப்பாய் ரெண்டும் ஆட்டோவில். பின்னாலேயே மொஹ்சின் பாயின் மீன் வண்டி, கதவு பூட்டியபடி.

"அது இன்னாம்மா?" என்றான் வாட்ச்மேன்.

"செட்டு சாமான்" என்றாள் மலர். கேட்டு திறந்தது. ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்திருப்பாள் என்று பிரகாஷ் நினைத்துக்கொண்டான்.

மேடையில் அவன் அடித்தது வாசிப்பா, சண்டையா என்று அவனுக்கே தெரியாது. ஆன்சி தொண்டை கிழியப் பாடினாள். கோட்டு போட்ட முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"எக்ஸலண்ட்! ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. இந்த மீனவ மக்களோட இசை ஆர்வத்தைப் பார்த்து, இந்தப் பீப்பாய்களைக் கொடுத்ததே நம்ம கம்பெனிதான்!"

மறுபடி கைதட்டல். பிரகாஷுக்குக் காது சுட்டது. இதற்கும் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறாளே! சூடு சொரணை எல்லாம் மீன்கூடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாளா?

"நாங்க புது டிரம்ஸ் தர்றோம். பதிலுக்கு இந்தப் பீப்பாய் செட்டை எங்க வாசல்லயே வைக்க ஆசைப்படறோம். எங்க கம்பெனியோட பெருமை இது! என்னம்மா, தருவீங்களா?"

"முழு செட்டும் வேணுமா சார்?" என்றாள் மலர்.

"முழு செட்டும்தான்!"

"இத்தினி பேருக்கு முன்னால கேக்கறீங்க. அப்பால மாத்திப் பேசக் கூடாது."

"பேச்சு மாறவே மாட்டோம்மா. கேமரா எல்லாம் ஓடுதே!" மேனேஜர் சிரித்தார்.

பிரகாஷ் குச்சியை வீசி எறிந்தான். "உன் மூஞ்சியில முழிக்க மாட்டேங்க்கா. இதையும் தாரை வார்த்துட்டியா?"

மலர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை வாங்கினாள்.

"மொஹ்சின் பாய், சார் ஒத்துக்கினாரு. வண்டிக் கதவைத் தொற."

கதவு திறந்தது. நாற்றம்தான் முதலில் வந்தது. முன்வரிசை கைக்குட்டையைத் தேடியது. உள்ளே கறுப்பாக, வாய் வரை தளும்பிக்கொண்டு, ஆறு பீப்பாய்.

பிரகாஷ் எறிந்த குச்சியைக் குனிந்து எடுத்துக்கொண்டான். மலர் மைக்கை மேனேஜரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டு எங்களாண்ட, ஆறு வண்டியில. எட்டையும் எண்ணிப் பார்த்து எறக்கிக்கோங்க சார், முழு செட்டும் உங்களுதுதான்!"