பத்து நாள் இருட்டு

மாயம்மாள் கணவன் அழகரைக் கைபிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மட்டாஞ்சேரி கண் டாக்டர் ஜோசப் மெதுவாகச் சொன்னார். “வலது கண்ணிலே விழித்திரை பிரிஞ்சிருக்கு. எர்ணாகுளத்திலே ஆப்பரேஷன் செய்யலாம். பத்து நாள் ரெண்டு கண்ணையும் கட்டிட்டுப் படுக்கணும். பாதிக்குப் பாதிதான் சான்ஸ். சரியானாலும் ஆள் அடையாளம்தான் தெரியும், எழுத்து தெரியாது.”

“செஞ்சிடுங்க டாக்டர்” என்றார் அழகர்.

“வேண்டாம். இடது கண்ணு நல்லாத்தானே இருக்கு? சுக்கு மூட்டை அடுக்குற கிட்டங்கியில உக்காந்து பொறுக்க அது போதும்” என்றாள் மாயம்மாள்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. சொட்டு மருந்தோடு வந்து அழகரின் முகத்தை நிமிர்த்தினாள்.

“அவருக்கில்லே சிஸ்டர்” என்றார் டாக்டர். “அவருக்கு ஜன்மத்திலேயே பார்வை கிடையாது. பேஷன்ட் இந்தச் சேச்சிதான்.”

மாயம்மாள் தலை குனிந்தாள். “என் ரெண்டு கண்ணையும் கட்டிட்டா, அந்தப் பத்து நாளும் இவரை யாரு கூட்டிட்டுப் போவா?”

அழகர் அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

“இருட்டுல நடக்க எனக்குத் தெரியும், புள்ள. பத்து நாளைக்கு நீ என் கையைப் பிடிச்சுக்கோ.”