கரைக்கும் படகுக்கும் நடுவே

"அவசரப்படாதீங்க அய்யே. பெரிய அலையெல்லாம் உடைஞ்சு முடியட்டும்" என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லிக் கரையிலிருந்து கத்தினான் முத்தப்பன்.

வெள்ளவத்தைக் கடலில் இடுப்பளவு தண்ணீர். முத்தப்பனுடைய சேர்ஃப்ஸ்கி என்ற ஒடுங்கி நீண்ட துடுப்புப் படகில், தொந்தியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் குணபால.

"இப்ப வலியுங்க! நிப்பாட்டாதீங்க! மூக்கு அலைக்கு நேரா இருக்கட்டும்!"

படகு நுரையைக் குத்திக்கொண்டு ஏறியது. அடுத்த அலையில் கவிழ்ந்தது.

"படகுக்கும் கரைக்கும் நடுவில நிக்காதீங்க! அலை அதைத் தூக்கி உங்கட மண்டையிலதான் போடும். கடல் பக்கமா நிண்டு பிடியுங்க!"

குணபால சொன்னபடி செய்தார். மறுபடி ஏறிப் போனார். திரும்பும்போது ஓர் அலையின் முதுகில் தொற்றிக்கொண்டு, துடுப்பைத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தபடி மணல்வரை வழுக்கி வந்தார்.

"பாத்தியா மல்லி! பறந்து வந்தேன்தானே!" என்று அவரும் தம்பி முறை சொல்லி முத்தப்பனைக் கட்டிப்பிடித்தார்.

முத்தப்பன் படகின் அடியைத் தடவிப் பார்த்தான். கீறல் இல்லை.

"நாளைக்கு நானும் ஒருக்காப் போகவா அய்யே?"

குணபால தலையைத் துவட்டினார். பாறையில் கிடந்த காக்கிச் சட்டையை மாட்டிப் பொத்தான்களைப் போட்டார். துப்பாக்கியைத் தோளில் கொழுவினார். போன மாதம் முத்தப்பனிடமிருந்து பறிமுதல் செய்த அந்தப் படகைக் காவலரணுக்குள் வைத்துப் பூட்டினார்.

பிறகு கையை நீட்டினார்.

"ஐடென்டிட்டி."

முத்தப்பன் எடுத்துக் கொடுத்தான். அட்டையிலிருந்த படத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார் குணபால.

"கடல் பக்கம் உனக்கு என்ன வேலை?"